மகளின் கண்ணில் ஒரு சாவித்துளை

எழுபதுகளின் நடுவில் இலங்கையில் மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தோம். மூத்த மகள் கைக்குழந்தை. அவளுடைய வலது கண்ணின் கருமணி வட்டமாக இல்லை. கீழ்ப்பக்கம் வழிந்து, சாவித்துளை மாதிரி இருந்தது.

மாமியார் ஒரே பார்வையில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"கெரகணத்தன்னிக்கு கத்தியத் தொட்டியா, இல்லையா?"

தொட்டேன்தான். வயிற்றுப் பிள்ளைக்காரி கிரகணத்தன்றைக்கு எதையும் வெட்டக் கூடாது என்று தெரிந்தும், ஆசையில் ஒரு பேரிக்காயை நறுக்கித் தின்றேன். பதில் பேசிப் பழக்கமில்லாததால் தலையைக் குனிந்துகொண்டேன். மறுநாள் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் எனக்குப் பெயரே பேரிக்காய்க்காரி. அதுகூடப் பரவாயில்லை. பிள்ளைக்குப் பார்வை இல்லாமல் போனால், அது நான் செய்த வேலை அல்லவா?

வீட்டுக்காரர் எங்களை பஸ் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மா பிள்ளையின் நல்ல கண்ணை மூடிவிட்டு டோர்ச் வெளிச்சத்தை அசைத்தார். அது போன பக்கமெல்லாம் என் மகளும் திரும்பினாள். எனக்கு உயிர் வந்தது.

"பார்வை இருக்கு. இந்தக் கண்ணுல கொஞ்சம் குறையலாம்" என்றார்.

"கெரகணத்துல பேரிக்கா வெட்டிட்டாங்க டாக்டரம்மா" என்று வீட்டுக்காரர் போட்டுக் கொடுத்தார்.

டாக்டரம்மா சிரித்தபடி இரண்டு கைகளையும் கிண்ணமாகக் குவித்தார். "வயித்துல கண்ணு உருவாகும்போது மூளையில இருந்து ஒரு மொட்டு வளந்து வந்து மேல்தோலைத் தொடும். தொட்டதும் இது ஒரு சேதி சொல்லும், அது ஒரு சேதி சொல்லும். தோல் உள்ள மடிஞ்சு கண்ணுக்குள்ள இருக்கிற வில்லையாகும், மொட்டு குழிஞ்சு இப்பிடிக் கிண்ணமாகும். அடியில ஒரு பிளவு இருக்கு பாருங்க. ரெண்டு பக்கமும் இருக்கிற கலங்கள், கண்ணுக்கே தெரியாத சின்னச் சின்னத் துணுக்குங்க, நகந்து வந்து இதை ஒட்டணும். ஒங்க புள்ளைக்கு இங்க முழுசா ஒட்டல, அதான் கருமணி கீழ வழிஞ்சிருக்கு. கெரகணம் எத்தனாவது மாசம்?"

"ஏழு" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

"இதெல்லாம் ரெண்டாம் மாசத்து வேலை. ஒங்க கெரகணம் ரொம்ப லேட்டு."

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் அப்படியே ஒப்பித்தார். மாமியார் விடுவாரா?

"அப்ப ரெண்டாம் மாசம் எதை வெட்டுனா?"

எப்படித்தான் வாய் திறந்ததோ. "அப்ப எனக்கு மசக்கை அத்தை. வெட்டுனது நறுக்குனது எல்லாம் நீங்கதானே."

வீட்டுக்காரர் சிரிப்பை இருமலாக மாற்றினார். மாமியார், வீட்டுக்குள் யாரோ புது ஆள் வந்துவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"டாக்டரு சொன்னா சரிதான். புள்ளையக் குடு."