அண்டனாவைப் பிடித்திருந்தவர்

கடைக்காரர் வீடியோ கேசட்டின் மூடியைத் திறந்து, நாடாவை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சணம்.

"ஒரு தடவதான் ஓட்டலாங்க. நடுவுல அறுந்துச்சுன்னா என்னைய ஒண்ணும் சொல்லக்கூடாது."

"ஓட்டுங்க" என்றார் அப்பா.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னாலுள்ள சின்னக் கடை. அக்கா, அப்பா, நான் மூவரும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். சீனி வியாதியில் அப்பாவுக்கு ஒரு கண் போய்விட்டது. மற்றதும் மங்கிக்கொண்டு வருகிறது. அது இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்று அவர்தான் அவசரப்படுத்தினார்.

கேசட்டில் இருந்தது, முன்பு ஞாயிறு மாலைகளில் டிவியில் வந்த சிறுவர் நிகழ்ச்சி. தொப்பி போட்ட மாமா கதை சொல்வார், பொம்மைக் கிளி குறுக்கே பேசும். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் எல்லோரும் எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவில்தான் பார்ப்பார்கள். கார் பேட்டரியில் ஓடிய டிவி. ஒரு முறை அக்காவின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கொழும்புக்குக் கூட்டிப்போய் அதில் பாட வைத்தார்கள். ஒரு சரணம் அக்கா தனியாகப் பாட வேண்டும். அது எந்த வருடம் என்பதில் எனக்கும் அக்காவுக்கும் இன்னும் தகராறு. டிசம்பரில் நத்தார் பண்டிகைக்கு முந்திய மழைக்காலம் என்பதில் மட்டும் தகராறு இல்லை. ஏனென்றால், ஒளிபரப்பான அன்று அப்பா மழையில் நனைந்துகொண்டு கொல்லையில் அண்டனாக் கம்பத்தைப் பிடித்து நின்றார். மலை மறைப்பதால், யாராவது பிடித்தால்தான் படம் நிற்கும்.

அக்கா முன்னே வந்தபோது திரை வெளுத்தது. "திருப்புங்கப்பா! இன்னும் திருப்புங்க!" என்று எல்லோரும் கத்தினோம். அவர் திருப்பத் திருப்ப எல்லாமே போயிற்று. படம் திரும்பி வந்தபோது செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் யார் எதைக் கெடுத்தாலும், "அப்பா அண்டனா பிடிச்ச மாதிரி" என்பாள் அக்கா. அப்பாவும் கூடச் சிரிப்பார். ஆனால், பதுளை டவுனில் பெரியம்மாவின் வீட்டைக் காலி செய்தபோது, அன்று பெரியம்மா தன் டிவியிலிருந்து பதிந்து வைத்த கேசட் கிடைத்தது என்றதும் அப்பா முதலில் கேட்டது: "அவ பாட்டு அதுல முழுசா இருக்கா?"

நாடா கிறீச்சிட்டது. கிளி வந்தது. பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். இரட்டை ஜடையோடு அக்கா முன்னே வந்து வாயைத் திறந்தாள்.

திரை வெளுத்தது.

கடைக்காரரின் கை பொத்தானுக்குப் போனது.

"நிப்பாட்டாதீங்க!" என்றாள் அக்கா.

வெள்ளை கலைந்து, பூப்போட்ட அட்டை ஒன்று வந்து நின்றது. பின்னால் வீணை.

"என்னமோ எழுதியிருக்கே" என்று அப்பா திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

அக்கா மெதுவாக வாசித்தாள்: "தடங்கலுக்கு வருந்துகிறோம்."

"டவுன்லயும் தெரியலயா?"

"யாருக்குமே தெரியலப்பா. டிவி ஸ்டேஷன்காரங்க பக்கத்துலயே போயிருக்கு."

"அப்ப நான் ஆட்டல."

"ஆட்டலப்பா."

"நீங்கதான்டி திருப்பச் சொல்லிக் கத்துனீங்க."

செய்தி ஆரம்பித்ததும் கடைக்காரர் நாடாவை நிறுத்தினார்.

"பாட்டுத்தான் இல்லியே ஐயா. பென் டிரைவ்ல ஏத்தவா, வேணாமா?"

"ஏத்துங்க தம்பி" என்றார் அப்பா. "அந்த எழுத்து நல்லாத் தெரியணும்."