லூசியானாக் குழம்பு அடைத்த இறால் கொழுக்கட்டை: எண்ணூர் போய் ராயபுரத்தில் அவித்தது

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை எண்ணூருக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல, இறால் வாங்க. வட சென்னைக்கு மீன் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் காசிமேட்டோடு திரும்பிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் போகலாம் என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

போனதற்குக் காரணம் எட்வின். என்னோடு பாலிடெக்னிக் படித்து, பாதியில் விட்டுவிட்டு கேட்டரிங் போனவன். ராயபுரத்துக்காரன். கப்பலில் சமையல் வேலைக்காக ஒரே ஏஜென்சியில் மூன்று முறை சமைத்துக் காட்டி, மூன்று முறையும் திருப்பி அனுப்பப்பட்டவன். நான்காவது முறைதான் கடைசி என்று சொல்லியே கூப்பிட்டிருந்தார்கள். அது திங்கட்கிழமை. மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் கப்பல். ஆட்களில் பாதி அமெரிக்காவின் லூசியானாவைச் சேர்ந்தவர்கள், பாதி நம்மவர்கள். இரண்டு தரப்பும் சாப்பிடும்படி ஒரு பதார்த்தத்தை அவன் சொந்தமாகச் செய்து காட்ட வேண்டும்.

நான் ஆலைகளில் கருவி பராமரிக்கும் என்ஜினியர். கம்பெனி என்னைப் பதினொரு மாதம் லூசியானாவில் ஒரு ரசாயன ஆலையில் போட்டிருந்தது. அங்கே பிரெஞ்சு வம்சாவளிக்காரர்களின் சமையலுக்குக் கேஜன் என்று பெயர். கேண்டீனில் தினமும் அதுதான். எட்வினுக்குத் தெரிந்தவர்களில் அதைத் தின்ற நாக்கு என்னுடையது ஒன்றுதான். ருசி பார்க்கும் வேலை எனக்கு வந்தது இப்படித்தான்.

கொழுக்கட்டை என்று முடிவு செய்தது எட்வின். கப்பல் ஆடும்போது கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி ஆபத்து, ஆவிப் பாத்திரம் மூடியே இருக்கும் என்றான். சரியான காரணம், மறுப்புச் சொல்லவில்லை.

காலை 5.10க்குக் கடற்கரை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டியில் நானும் எட்வினும் ஏறினோம். எண்ணூருக்கு முக்கால் மணி நேரம், டிக்கெட் ஏழு ரூபாய். அங்கிருந்து கழிமுகத்தை ஒட்டிய மீனவர் குப்பமான நெட்டுக்குப்பத்துக்கு ஷேர் ஆட்டோ, தலைக்கு ஐந்து ரூபாய். மூன்று கிலோமீட்டர் இருக்கும். கழிமுகத்து இறால் சின்னது, ஆனால் இனிப்பு அதிகம். கரையில் பெண்கள் அலுமினியக் குண்டான்களோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒவ்வொரு இறாலாக எடுத்து முகர்ந்துகொண்டிருந்தேன்.

"இன்னா நைனா, பொண்ணு பாக்கவா வந்துகீற? ஒண்ணொண்ணா தூக்கிப் பாத்துகினே கீற?" என்றார் குண்டான்காரம்மா.

"ரெண்டு கிலோ குடு ஆயா. இவன் மெட்ராசுக்கு அந்தப் பக்கம், ஒண்ணியும் தெரியாது," என்றான் எட்வின்.

கிலோ நூற்று இருபது ரூபாய். ஐஸ் கேட்டால் சும்மாவே தந்தார்கள். தெர்மகோல் பெட்டியில் இறால், மேலே உடைத்த ஐஸ். திரும்பும்போது ரயிலை விட்டுப் பஸ் பிடித்தோம். அது தப்பு. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் திருவொற்றியூரில் வரிசை கட்டி நின்றன. முக்கால் மணி நேரம் பஸ் அசையவே இல்லை. எப்போது கிளம்பும் என்று டிரைவரிடம் கேட்டேன்.

"அவன் நவுந்தா நானு நவுறுவேன் சார். எறங்கி நடந்துகினே போங்க, டோல்கேட்ல எனக்கு முன்னாடி நிப்பீங்க."

இறங்கித் தேரடியிலிருந்து டோல்கேட் வரை பெட்டியை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நடந்தோம். டிரைவர் சொன்னது உண்மை. அங்கிருந்து ராயபுரத்துக்கு ஆட்டோ, முப்பது ரூபாய். வீட்டுக்குள் நுழையும்போது மணி பத்து.

எட்வினின் மனைவி ஜெசிந்தா மாவைக் கொதிநீர் விட்டுப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி வைத்திருந்தாள். வெங்காயம், குடமிளகாய், செலரித் தண்டு மூன்றும்தான் கேஜன் சமையலுக்கு அடிப்படை, அந்த ஊரில் அதைப் பரிசுத்தத் திரித்துவம், அதாவது பிதா சுதன் பரிசுத்த ஆவி, என்பார்கள் என்றேன். ஜெசிந்தா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஐயோ அண்ணே, சாமியாரு காதுல வுழப்போவுது!"

"அவுங்களும் நம்ம வேதந்தான்டி. கோயில்ல பாதி, அடுப்புல பாதி," என்றான் எட்வின்.

செலரி கிடைக்கவில்லை, கொத்தமல்லித் தண்டு எடுத்து வைத்தோம். அங்கே வாசனைக்குப் போடும் தைம் இலைக்குப் பதில் ஓமம். இது ஊகமல்ல, இரண்டின் வாசனைக்கும் காரணம் ஒரே வேதிப்பொருள்.

முதல் ஈடு எட்வின் இஷ்டப்படி செய்தது. தேங்காய்ப்பூ, இறால், கொஞ்சம் மிளகாய்த்தூள். தின்று பார்த்துச் சொன்னேன்: "பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையில இறால் தவறி விழுந்த மாதிரி இருக்கு."

"இன்னா மாமு, ஒரு வாரமா யோசிச்சது. பொசுக்குனு இப்டி சொல்ற?"

"மூணு தடவை திருப்பி அனுப்பினவன் காரணம் சொன்னானா? நான் சொல்றேன்ல."

அவன் முகம் கறுத்துவிட்டது. ஆனால் அடுப்பை அணைக்கவில்லை. இரண்டாவது ஈடு என் இஷ்டம். கோதுமை மாவை எண்ணெயில் கொட்டி, விடாமல் துழாவி, காப்பிக்கொட்டை நிறம் வந்ததும் மூன்று காயையும் போட்டு, இறால் ஓடு வேகவைத்த தண்ணீர் ஊற்றி, ஓமம், மிளகாய்த்தூள், மிளகு சேர்த்து, கடைசியில் இறால். கேண்டீன் வாசனை அப்படியே வந்தது. ஆனால் அது குழம்பு. மாவுக்குள் வைத்தால் வழிந்தது. எப்படியோ மூடி அவித்தால் எல்லாம் வெடித்து, தட்டில் சேறு.

"இன்னும் மாவு கொட்டு," என்றான் எட்வின்.

"களி ஆயிடும்."

"அப்ப இன்னாதான் பண்ணச் சொல்ற? நாளன்னிக்கு நானு இத்தத்தான் தூக்கினு போவணும்!"

எனக்கும் எரிச்சல். குழம்பை அடைக்க முடியாது, கட்டியை அடைக்கலாம். இறால் பெட்டியில் பாதி ஐஸ் மிச்சம் இருந்தது. அதை ஒரு தொட்டியில் கொட்டி, உப்பு தூவி, சட்டியை அதில் உட்கார வைத்தேன். அரை மணியில் குழம்பு அல்வா மாதிரி இறுகிவிட்டது. ஜெசிந்தா அதை நெல்லிக்காய் அளவு உருட்டிக் கொடுக்கக் கொடுக்க, எட்வின் மாவில் பொதிந்து மூடினான். பன்னிரண்டு நிமிடம் ஆவி. ஒன்றுகூட வெடிக்கவில்லை.

கடித்தேன். உள்ளே கட்டி உருகி மறுபடி குழம்பாகியிருந்தது. முதலில் வறுத்த மாவின் வாசனை, அப்புறம் ஓமம், கடைசியாகக் காரம். இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எதுனா சொல்லு மாமு."

"அந்தக் கேண்டீன்ல இத வெச்சா எனக்கு ஒண்ணுகூட மிஞ்சாது."

எட்வின் அடுத்த ஈட்டுக்கு மாவைக் கிள்ளத் தொடங்கினான். ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்து வந்து, ஆளில்லாமல் தனியாக இரண்டு முறை செய்து பார்த்திருக்கிறான்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: குழம்பு நன்றாக இறுகும்வரை அவசரப்படாதீர்கள். ஃப்ரிட்ஜ் இருந்தால் ஐஸ் வேண்டாம். நெட்டுக்குப்பத்துக்கு ஏழு மணிக்குள் போங்கள், திரும்பும்போது ரயிலிலேயே வாருங்கள். கேஜன் மசாலா டப்பாவுக்குக் காசு செலவழிக்க வேண்டாம், நம் மிளகாய்த்தூளும் மிளகும் போதும்.

எட்வினிடமே நேரில் கற்றுக்கொள்ளலாமா என்று சிலர் மெயில் அனுப்புகிறார்கள். திங்கட்கிழமை தேர்வு நடத்திய முன்னாள் கப்பல் சமையல்காரர் தட்டைக் காலி செய்துவிட்டு, பாத்திரத்தில் மிச்சம் இருந்ததைத் தன் வீட்டுக்குப் பொட்டலம் கட்டச் சொன்னாராம். ஆகவே ஒன்பது மாதம் பொறுங்கள். ஆள் கடலில் இருக்கிறான்.