எண்ணெய்த் தலையோடு ஒரு படம்

கோபம் எனக்கு மூக்குக்கு மேலே. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பேர் மிளகாப்பொடி டீச்சர். அப்படிப்பட்டவள் வீட்டில் இரண்டு பெண்கள் ஆறு வாரம் தங்கி, ஒரு கடுஞ்சொல் கேட்காமல் ஊர் போய்ச் சேர்ந்தார்கள் என்றால் நான் அவர்களை எப்படி வைத்திருந்திருப்பேன் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் பேர் இன்னும் மெட்ராஸாக இருந்த காலம். மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் நானும் என் தம்பியும் மட்டும்தான். அவனுக்கு முப்பத்திரண்டு வயது. உடம்புதான் வளர்ந்தது, புத்தி ஆறு வயதிலேயே நின்றுபோனது. அப்பா அம்மா போனபிறகு அவனுக்கு எல்லாம் நான்தான். கல்யாணப் பேச்சு எடுத்தவர்கள் எல்லாம் ‘தம்பியை எங்கே விடுவே?’ என்று கேட்டார்கள். அவர்களை வாசலோடு அனுப்பிவைத்தேன்.

அடையாறு பக்கம் அவனைப் போன்ற பிள்ளைகளுக்கு ஒரு சின்ன இல்லம் நடந்தது. கோடை லீவில் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து இரண்டு பெண்கள் அங்கே தொண்டு செய்ய வருகிறார்கள், தங்க இடம் வேண்டும் என்று கூட வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி கேட்டாள். சரியென்றேன். என் தம்பியைப் பார்த்து முகம் சுளிக்காத பெண்கள் நம் வீட்டில் சாப்பிடுவார்கள் என்பதில் எனக்குள் ஒரு ஆசை, வேறென்ன!

மே மாசம். தண்ணி லாரி ஒருநாள் விட்டு ஒருநாள். குடத்தை வரிசையில் போட்டு, எதிர்வீட்டுக்காரியோடு சண்டை போட்டுக் கொண்டுவந்த தண்ணீரில் முதல் இரண்டு பக்கெட் அந்தப் பெண்களுக்கு. ஒருத்தி வாயே திறக்கமாட்டாள், அவளைப் பற்றி எனக்குப் புகாரும் இல்லை. இன்னொருத்தி, கேமரா வைத்திருந்தவள், வந்த மூன்றாம் நாளே என் மடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ‘ஏனுங்க்கா, எனக்கு இன்னொரு தோசைங்க்கா’ என்பாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

தம்பிக்குப் போட்டோ என்றால் உயிர். கேமராவைப் பார்த்தாலே ஓடிப்போய் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, மேல் பட்டன் வரை போட்டு, கையை இரண்டு பக்கமும் ஒட்டிவைத்துச் சிரித்துக்கொண்டு நிற்பான். நாலைந்து படமாவது அவள் அப்படி எடுத்திருப்பாள்.

சனிக்கிழமை அவனுக்கு எண்ணெய்க் குளியல். நல்லெண்ணெயில் நாலு மிளகு போட்டுக் காய்ச்சி, தலையிலிருந்து கால்வரை நானே தேய்த்துவிட்டு, பின்கட்டில் துவைக்கிற கல்லில் அரைமணி நேரம் ஊறவைப்பேன். எண்ணெய்க் கறை போகாது என்பதால் அன்றைக்கு மட்டும் அப்பாவின் கிழிந்த வேட்டித் துண்டுதான் இடுப்பில். அந்தக் கேமராக்காரிக்கும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இதே கையால்தான் தேய்த்துவிட்டேன். ‘எங்கம்மா தேய்ச்ச மாதிரியே இருக்குதுங்க்கா’ என்று கண்ணை மூடிக்கொள்வாள். ஊருக்குப் போகும்போது அழுதாள். நானும் அழுதேன், எனக்குத்தான் அறிவில்லையே.

தீபாவளிக்கு முன்னால் தம்பிக்குச் சட்டை எடுக்க தி.நகர் போனோம். துணிக்கடையில் பில் போடும் இடத்தில் அந்த அடையாறு இல்லத்தின் பேர் ஒட்டிய ஓர் உண்டியல், பக்கத்தில் ஒரு கட்டு நோட்டீஸ். அவன்தான் முதலில் பார்த்தான்.

“அக்கா! நான்! நான்!”

அவனேதான். துவைக்கிற கல்லில், கிழிசல் துண்டோடு, தலைமயிர் சடைபோல் ஒட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் அழுக்குபோல மினுமினுக்க உட்கார்ந்திருந்தான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தது அழுவதுபோல் விழுந்திருந்தது. நான் காய்ச்சின எண்ணெய், நான் தேய்த்த எண்ணெய்! கீழே எழுதியிருந்தார்கள்: ‘கவனிப்பார் இல்லாமல், பூட்டிய அறையில் அடைத்து வைக்கப்பட்ட இவரைப் போன்றவர்களுக்கு உதவுங்கள்.’

பூட்டிய அறை. அது பொய் இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் வரவில்லை, எனக்குப் பரீட்சை ஹால் வேலை. முந்தின நாள்தான் சொல்லாமல் தெருவில் இறங்கிப்போய் என்னைக் குளத்தைச் சுற்றிப் பைத்தியமாய் அலையவிட்டிருந்தான். அந்த ஆத்திரம் வேறு. பின்கட்டு அறையில் விட்டு, வெளியே பூட்டிக்கொண்டு போய்விட்டேன். மூன்று மணி நேரம். செத்துப்போன அம்மாவிடம்கூட மனசுக்குள் சொல்லாததை, ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கேமராக்காரி தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே அவளிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘விடுங்க்கா, நீங்க சாமிங்க்கா’ என்றாள்.

உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் பார்த்தேன். நோட்டீஸ் கட்டை அப்படியே அள்ளிப் பையில் போட்டேன், வீட்டுக்குப் போய்க் கொளுத்த. தன் படத்தை அக்கா கடையிலிருந்து வாங்கி வருகிறாள் என்று நினைத்து அவன் பஸ் முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கொளுத்துவது? அலமாரிக்கு மேலே தூக்கிப்போட்டேன்.

மறுநாள் காலை தம்பியையும் கூட்டிக்கொண்டு தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். அவனை வெளியே ஆட்டோ ஸ்டாண்டுப் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டு அவள் ஹாஸ்டலுக்குப் போன் போட்டேன்.

“நல்லாருக்கீங்களாக்கா?” என்றாள்.

“நல்லாருக்கேன். நோட்டீஸ் பாத்தேன்.”

“பேரு போடலைங்களேக்கா” என்றாள்.

“சட்டை போட்ட படம் இருந்துதேடி உன்கிட்ட?”

“சிரிச்சுட்டு நிக்கற படத்தப் பாத்தா யாருக்கும் மனசு எளகாதுன்னு இல்லத்துல சொன்னாங்க்கா. நல்லதுக்குத்தானுங்க. அங்க நெறையப் பிள்ளைங்க இருக்குதுங்க்கா.”

“பூட்டினதை யாரு எழுதினது?”

“நாந்தானுங்க்கா.”

கத்தினேன். உனக்கு ஊற்றின தண்ணி, உன் தலையில் வைத்த கை, நீ தின்ன தோசை என்று என்னவெல்லாமோ கத்தினேன். பூத்துக்காரர் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினார். அவள் அழுதுகொண்டே போனை வைத்துவிட்டாள். எனக்கு இன்னும் பாதி மிச்சமிருந்தது. ஒரு கடுதாசியில் மிச்சத்தையும் எழுதி அவள் பிரின்சிபாலுக்கே அனுப்புகிறேன் என்று கறுவிக்கொண்டே வெளியே வந்தேன்.

தம்பி ஆட்டோக்காரர்களுக்கு நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தான். நாற்காலி போட்டு ஏறி அலமாரி மேலிருந்து எடுத்துச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறான். ஆளுக்கு ஒன்று, கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரி இரண்டு கையாலும் நீட்டினான். “நான்! என் போட்டோ!”

“படம் சோக்கா கீது நைனா” என்றார் பழக்கமான டிரைவர் ஒருவர். இருபது வருஷமாக எங்களைத் தெரிந்தவர். படத்துக்குக் கீழே இருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்து முடித்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது.

“எந்தக் கஸ்மாலம் எழுதிச்சு இத? பூட்டி வெச்சிச்சாமே! உன்னைக் கண்ணுல வெச்சிப் பாத்துக்கினு கீது அக்கா. அது பூட்டுமா உன்னை?”

“ஆமா” என்றான் தம்பி. சந்தோஷமாகத்தான் சொன்னான். கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்த பிள்ளையின் சந்தோஷம். “அக்கா பூட்டுச்சு. அக்கா அக்கான்னு கூப்ட்டேன். வரவே இல்ல.”

டிரைவர் என்னைப் பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். அவனுக்கு அது நினைவிருக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அன்று கதவைத் திறந்தபோது என்னைப் பார்த்துச் சிரித்தான், அதோடு மறந்துவிட்டான் என்றே இருந்தேன்.

அந்தப் பெண்மேல் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஆனால் அந்தக் கடுதாசியை நான் எழுதவில்லை. இரண்டு தடவை உட்கார்ந்து பார்த்தேன், முதல் வரிகூட வரவில்லை.