யாராயிருந்தாலும் செஞ்சிருப்பாங்க

எங்கள் பக்கத்தில் யாராவது பாராட்டினால் உடனே தட்டிவிட வேண்டும். குழம்பு நன்றாயிருக்கிறது என்றால், "என்னத்தைங்க, உப்புக்கூடச் சரியாப் போடலை" என்போம். அப்படிச் சொல்லாதவருக்குத் தலைக்கனம் என்று பெயர். இந்தப் பாழாய்ப்போன பழக்கம்தான் எங்கள் காப்புரிமையைக் கொன்றது.

நான் வேதியியல் படித்தவள். கணவருக்கு மல்லசமுத்திரத்தில் லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறை. சேகோ என்கிற ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து, மாவெடுத்தபின் மிஞ்சும் மரவள்ளித் திப்பியை ஈரத்தோடு ஏற்றிப்போகும் லாரிகளின் தரையைப் புளித்த தண்ணீர் அரித்துவிடும். அதற்கு ஒரு பூச்சு செய்தோம். முந்திரி ஓட்டு எண்ணெயில் காய்ச்சிய பிசின், துத்தநாக உப்பு, அதோடு பதப்படுத்திய மரவள்ளி மாவு. மாவு ஈரத்தை இழுக்கும், துரு இன்னும் ஏறும் என்றுதான் பெயின்ட் தெரிந்த எவரும் சொல்வார். நாங்களும் பல வருடம் அப்படியே தோற்றோம். பிறகு ஒரு பக்குவத்தில் அதே மாவு துருவைத் தடுத்தது. அன்று இருவரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். காப்புரிமைக்கு விண்ணப்பித்தோம். கிடைத்தால் சிறிதாக ஓர் ஆலை போடலாம் என்று இடம்கூடப் பார்த்துவைத்தோம்.

காப்புரிமை அதிகாரி வீடியோவில் விசாரித்தார். பிசினும் உப்பும் ஒரு பழைய ஆவணத்தில் இருக்கின்றன, மாவு இன்னொன்றில் இருக்கிறது. இரண்டையும் சேர்ப்பது இத்துறை தெரிந்தவருக்குத் தானாகத் தோன்றக்கூடியதுதானே என்றார். தோன்றாது என்று காட்டினால்தான் உரிமை. எங்கள் சென்னை வக்கீல் நன்றாகவே வாதாடினார். அதிகாரிக்கும் மனம் இளகியதுபோல் இருந்தது. "பெரிய விஷயம் செய்திருக்கிறீர்கள், எப்படித் தோன்றியது?" என்று என் கணவரிடமே தமிழில் கேட்டார்.

இவர் நெளிந்தார். "அட, அதுல என்னங்க பெருசா இருக்குது? இந்தத் தொழில்ல இருக்கற யாராயிருந்தாலும் செஞ்சிருப்பாங்க."

மேசைக்கடியில் இவர் காலை மிதித்தேன். வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

நிராகரித்து வந்த உத்தரவில், அந்த இரண்டு ஆவணங்களுக்கும் கீழே இவர் சொன்னதும் இருந்தது, விண்ணப்பதாரரே ஒப்புக்கொண்டார் என்று. மேல்முறையீடு செய்யலாம், ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப விழுங்க முடியாது என்றார் வக்கீல்.

"மரியாதைக்குச் சொன்னேன் சாமி. அதைப் போயி எழுதிக்குவாங்களா?" என்று இவர் என்னைக் கேட்டார். எனக்கு அழுகைதான் வந்தது. திட்டக்கூட முடியவில்லை.

விண்ணப்பம் ஏற்கெனவே காப்புரிமை இதழில் வெளியாகியிருந்ததால் செய்முறை எல்லோருக்கும் திறந்து கிடந்தது. இப்போது ஒரு கம்பெனி அதை டிரம்மில் அடைத்து விற்கிறது. நாங்கள் காய்ச்சுவதைவிட மலிவு. போன வாரத்திலிருந்து எங்கள் பட்டறையிலும் அதைத்தான் அடிக்கிறோம்.