மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல்

எண்பதுகளில் மலேசியாவில், புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்தேன். காலையில் எங்கள் பெயரைக் கூப்பிட்டு வருகையைக் குறித்துக்கொள்ள ஒரு பெரியவர் இருந்தார். ஒரு பக்கம் உடைந்த மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டிப் போட்டிருப்பார். முகத்தை உற்றுப் பார்க்காமல் யார் பெயருக்கு நேராகவும் பேனாவை வைக்கமாட்டார்.

பிறகு பஞ்ச் கார்டு மிஷின் வந்தது. அட்டையைச் செருகினால் அதுவே நேரத்தை அடித்துவிடும். பெரியவருக்குக் கண் மங்கிவிட்டது, புதுசெல்லாம் இனி அவருக்குச் சரிப்படாது என்று மேனேஜர் அவரை ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார்.

அந்த மாதம் எல்லாரும் ஒரு நாள் தவறாமல் வேலைக்கு வந்தோம், அட்டையில். ஒருவன் வந்து நான்கு பேருக்கு அடித்துவிடுவான். விஷயம் தெரிந்ததும் மேனேஜர் பெரியவரைத் திரும்பக் கூப்பிட்டு, மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்.

இரண்டாம் நாளே பெரியவர் என்னை நிறுத்தினார்.

"நேத்து உன் அட்டை வந்துச்சி தம்பி. உன்னத்தான் காணோம்."

"காய்ச்சல்ங்கய்யா."

"அட்டைக்கு ஒண்ணும் இல்லியே? இன்னொரு வாட்டி நடந்தா மேனேஜர்கிட்ட சொல்லிருவேன் லா."

அதன்பின் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. ஆண்டு முடிவில் மேனேஜர் எங்களைக் கூட்டிவைத்து மிஷினைப் பாராட்டினார். இவ்வளவு ஒழுங்காக ஓடும் மிஷினுக்குக் காவல் எதற்கு என்று பெரியவரை வீட்டுக்கு அனுப்பினார்.

கிளம்பும்போது அவர் துண்டால் மிஷினைத் துடைத்துவிட்டுப் போனார். ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை என் அட்டை சரியாக ஏழு மணிக்கு வேலைக்கு வந்தது. நான் பத்து மணிவரை தூங்கினேன்.