கரடியைத் தோய்த்தவன்

ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுச் சின்னத்தை மாற்றியவன் நான். கூட்டம் வைத்தோ வாக்கெடுத்தோ அல்ல. தொண்ணூற்றைந்து பாகைச் சூட்டில் தோய்த்து. வெளியில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எண்பதுகளின் நடுப்பகுதி. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, ஜெர்மன் பேசும் ஒரு பட்டணத்தில் பல்கலைக்கழக விளையாட்டு மண்டபத்தில் கிளீனிங் வேலை. மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் அப்வார்ட், புரூனர் என்ற மனிதர். என் வேலை அனுமதியை நீட்டிக்க அவர் ஒரு கடிதம் தரவேண்டும். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தார்.

மாணவர் ஹாண்ட்போல் அணிக்கு முதலில் வரையாடுதான் சின்னம்; ஆட்டத்தின்போது ஒரு மாணவன் அந்த வேட உடுப்புக்குள் நின்று துள்ளுவான். ஒருமுறை ஆட்டின் கொம்பு கதவில் சிக்கி, பின்னால் வந்த முழு அணியும் அறைக்குள்ளேயே நின்றதாம். அதன் பிறகு கொம்பில்லாத கரடி. நான் சேர்ந்தபோது கரடிக்கு மூன்று வயது, ஒருநாளும் தண்ணீர் கண்டதில்லை. உள்ளே நின்று துள்ளியவர்களின் வியர்வை எல்லாம் அங்கேயே குடியிருந்தது.

சனிக்கிழமை ஆட்டம். செவ்வாய்க்கிழமை புரூனர் கரடியை என் கையில் தந்தார். "காத்தாடப் போடுங்கோ. வேறொண்டும் செய்யவேண்டாம்."

நன்றாகவே விளங்கியது. ஆனால் மெத்தையை யன்னலில் தொங்கவிட்டுச் சுத்தம் என்று சொல்லும் ஊர் இது. எங்கள் ஆட்களுக்குத் தண்ணீரில் போட்டு எடுத்தால்தான் மனம் ஆறும். தலையைக் கழற்றி வைத்துவிட்டு, உடலைத் துவாய் தோய்க்கும் மெஷினுக்குள் திணித்து, துவாய்க்குரிய சூட்டையே வைத்தேன்.

வெளியே வந்தது ஐந்தடிக்கும் குறைந்த, சடை விழுந்த, சாம்பல் நிறப் பிராணி.

என்னோடு அறையில் இருந்த செல்வண்ணை, மாணவர்கள்தான் தோய்த்தார்கள் என்று சொல்லச் சொன்னார். "கடிதம் கைக்கு வரட்டும். பிறகு உண்மை பேசு."

எனக்கு அது சரிவரவில்லை. கெடுத்தவனே திருத்துவான் என்று முடிவெடுத்தேன். புரூனரின் அறை நாட்காட்டியில் முர்மெல்டியர் என்ற மலைப் பிராணி, அணிலுக்கு உறவு, குழியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நிறமும் தொந்தியும் பொருந்தின. மூன்று நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கரடித் தலையின் காதைக் கத்தரித்தேன், கன்னத்தை உள்ளே பிடித்துத் தைத்தேன், ஐஸ்கிறீம் பெட்டியை வெட்டி இரண்டு பல் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு புரூனரிடம் போனேன்.

"நான்தான் தோய்ச்சனான். நீங்கள் வேண்டாமெண்டது விளங்கினது. விளங்கித்தான் தோய்ச்சனான்."

அவர் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கரடிக்குள் போகும் மாணவன் ஆறடி.

"இதுக்குள்ள இனி ஆர் போறது?"

"நான் போறன்."

போனேன். ஆட்டம் முடியும்வரை துள்ளினேன். அணி வழக்கம்போலத் தோற்றது. அடுத்த பருவம் கொடியிலும் முர்மெல்டியர் ஏறியது. நீண்ட ஆலோசனைக்குப் பின் தெரிவு செய்யப்பட்டதாக மாணவர் மலரில் எழுதினார்கள்.

கடிதம் திங்கட்கிழமை வந்தது: 'துப்புரவில் இவருக்கு நிகரில்லை. மேற்பார்வை அவசியம்.' அனுமதி நீண்டது.

இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பிழையை ஒப்புக்கொள்ளப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள்.

இந்தப் பாடத்தை முதலில் செல்வண்ணைக்குத்தான் சொன்னேன். அன்று ஆட்டம் பார்க்க வந்திருந்தவர் அவர். பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி தம்பி. பக்கத்தில இருந்த சனம் கடைசி மட்டும் அதை எலியெண்டுதான் கதைச்சது."