அட்டைக் கட்டின் மேல் நின்ற சேஸிஸ்

எங்கள் வீட்டுக் கார் இருக்கன்குடி கோயிலுக்கு ஏழெட்டு முறை போய் வந்துவிட்டது. ஒரு தடவைகூட வழியில் நின்றதில்லை. கடையில் வாங்கிய கார் அல்ல, நான் கட்டிய கார். பழைய இரும்புக் கடையில் கிடந்த ஜீப்பின் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, வாங்கி, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, நானே கட்டினேன். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரும். நிமிரட்டும், உழைத்தவன் நான்தானே.

எனக்குச் சிவகாசியில் அச்சகத்தில் வேலை. காலண்டர் சீசன் முடிந்து தை பிறந்தால் பதினோரு மணிக்குப் போனால் போதும். என் மனைவி பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். நாற்பது பெண்களை மேய்ப்பவள். ஏழரை மணிக்குக் கம்பெனி வேன் வந்துவிடும். காலை நேரம் முழுக்க எனக்கும் சேஸிஸுக்கும்தான்.

என்ஜினையும் கியர் பாக்ஸையும் ஏற்றியபின் அடியில் வேலை வந்தது. அடியில் படுக்க வேண்டுமானால் சேஸிஸ் உயரத்தில் நிற்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். செங்கல் நொறுங்கும் என்பதும் தெரியும். இரும்பு ஸ்டாண்டு நாலு அடித்து வாங்கியிருக்கலாம். ஆனால் அச்சகத்துக்காரன் மூளை எங்கே போகும்? காகிதத்துக்குத்தான் போகும். கூரை முட்ட அடுக்கிய பாரத்தை அடிக்கட்டு தாங்குவதைத் தினமும் பார்க்கிறவன் நான். கழித்துப் போட்ட காலண்டர் அட்டையை முழங்காலுக்கு மேல் உயரமாக நாலு கட்டாகக் கட்டி, தூசி படாமல் பாலித்தீன் சுற்றி, நாலு மூலைக்கும் கொடுத்தேன். சேஸிஸ் கல்லு மாதிரி நின்றது.

என் மனைவி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். பட்டாசு மருந்து அறைக்குள் நுழையும் முன், உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்க, செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று நாள் முழுக்கக் கத்துகிறவள். நேற்றுத் தொட்டது இன்றைக்குச் செல்லாது அவளிடம்.

"படுக்குறதுக்கு முன்னால ஒவ்வொரு நாளும் உடம்ப வச்சுத் தள்ளி ஆட்டிப் பாருங்க. அசையாம நின்னாத்தான் உள்ள போகணும்" என்றாள்.

"இது மருந்து ரூம் இல்ல, அட்டை. எம்புட்டுப் பாரம் தாங்கும்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

அதிலிருந்து தினமும் வேன் ஏறும் முன் வாசலிலிருந்து கேள்வி வரும்: "ஆட்டிப் பாத்தீகளா?"

அடியில் படுத்தபடியே, "ஆட்டியாச்சு, நீ கிளம்பு" என்பேன். ஒரு நாளும் ஆட்டவில்லை. கல்லு மாதிரி நிற்பதை எதற்கு ஆட்டுவது என்ற எண்ணம்தான்.

இதற்கிடையில் இன்னொரு தொல்லை. கழற்றிச் சுவரோரம் சாத்தியிருந்த நாலு சக்கரங்களும் ஒருநாள் சேஸிஸுக்கு அடியில் கிடந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டிரண்டாகப் படுக்கப்போட்டு, நான் படுக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும். கேட்டால், துணி காயப்போட இடமில்லை என்றாள். வெளியே உருட்டிவிட்டேன். மறுநாள் காலையில் மறுபடியும் உள்ளே. மூன்று நாள் இந்தக் கூத்து நடந்தது. நாலாம் நாள் அலுத்துப்போய் விட்டுவிட்டேன். திரும்பினால் முழங்கையில் டயர் இடிக்கும். துணிக்கொடியைத் திட்டிக்கொண்டே ஸ்பேனரைத் திருப்புவேன்.

பங்குனியில் ஒரு ராத்திரி கோடைமழை கொட்டியது. மழை வராத ஊர் என்பதால்தான் இங்கே பட்டாசும் காயும், காகிதமும் விறைப்பாக இருக்கும். மழையைக் கணக்கில் வைத்து எதையும் செய்யும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது. காலையில் கட்டுகளைப் பார்த்தேன். பாலித்தீன் பளபளவென்று இருந்தது. படுக்கச் சாக்கை விரித்தேன்.

மழை என்றால் பட்டாசுக் கம்பெனிக்கு லீவு. அவள் டீ கிளாஸோடு கொட்டகைக்கு வந்து நின்றாள்.

"இன்னைக்கு என் கண்ணு முன்னால ஆட்டுங்க."

எரிச்சலாக வந்தது. அவள் வாயை அடைப்பதற்காகவே தோளைக் கொடுத்து ஓங்கித் தள்ளினேன். சேஸிஸ் மேல் நான் எப்போதும் வைத்திருக்கும் நட்டு போல்ட்டு டப்பா கலகலவென்று குலுங்கியது. அடுத்த நொடி முன்பக்கத்து இடது கட்டு சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தது. ஒன்று போனதும் மற்றவையும் சாய்ந்தன. என்ஜினோடு மொத்தச் சேஸிஸும் இறங்கி, சக்கரங்களின் மேல் தொம்மென்று உட்கார்ந்தது.

தரையில் ஓடிய தண்ணீர் பாலித்தீனுக்குள் புகுந்து, வெளியேற வழியில்லாமல் அடி அட்டையைக் களியாக்கியிருந்தது. நான் தூசிக்காகச் சுற்றியது ஈரத்தைப் பூட்டி வைத்திருந்தது.

சாக்கு அப்படியே விரித்துக் கிடந்தது. அதற்கும் இரும்புக்கும் இடையே சக்கரங்கள் விட்டு வைத்த ஒன்றரை அடி இடம். அந்த இடத்தைக் குனிந்து பார்த்தேன். பயந்தேன். வெட்கமாகவும் இருந்தது.

வெல்டிங் பட்டறையில் நாலு இரும்பு ஸ்டாண்டு அடித்து வந்ததும், சிமெண்ட் தளம் போட்டதும், தினமும் ஆட்டியதும் பிறகு. அந்த நேரத்தில் எனக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

"இத்தனை நாள்ல இன்னைக்குத்தான் ஆட்டினேன்" என்றேன்.

அவள் சிதறிக் கிடந்த நட்டுகளைக் குனிந்து பொறுக்கி டப்பாவில் போட்டாள். டப்பாவை ஒரு தடவை குலுக்கினாள்; கலகலவென்று சத்தம் போட்டது.

"தெரியும். ஆட்டியிருந்தா இந்த டப்பாச் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டிருக்கும்ல? ஒரு நாளும் கேக்கல. அதனாலதான் சக்கரத்த உள்ள போட்டேன்."